மெழுகில் விழுந்த பலே

சைகோன்,
14 ஜனவரி 1931

அன்புள்ள ஜெனேவியேவ் அக்காவுக்கு,

சர்வேசுரன் புண்ணியத்தில் உடம்புக்கு ஒன்றுமில்லை. கோபிக்காமல் படியுங்கள். சுங்க ஆபீசில் சம்பளமில்லாமல் ஒரு வருஷ லீவு போட்டுவிட்டு, இசைத்தட்டுக்குப் பாட்டுப் பதிவு செய்கிற மிசே ஃபெர்னான் என்ற பிரெஞ்சுத் துரையிடம் உதவியாளாகச் சேர்ந்திருக்கிறேன்.

பென் தான் என்கிற மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறை. சத்தம் வராமலிருக்க ஜன்னலெல்லாம் மெத்தை கட்டியிருக்கிறோம். பாடும்போது விசிறிகூடச் சுற்றக்கூடாது. பக்கத்து மாரியம்மன் கோவில் மணி எப்போது அடிக்கும் என்று எனக்குத்தான் தெரியும். அதனால் பாட்டை எப்போது ஆரம்பிக்கலாம் என்று துரை என்னைத்தான் கேட்கிறார்!

அந்துவானேத்தின் அப்பாவுக்கு இப்போதைக்குத் தெரிய வேண்டாம். தெரிந்தால் கல்யாணத்தையே நிறுத்திவிடுவார்.

தம்பி ஜூல்

காரைக்கால்,
20 பிப்ரவரி 1931

தம்பி ஜூலுக்கு,

அவரிடம் நான் சொல்லவில்லை. ஆனால் அவர் பெண் தரச் சம்மதித்தது துரைத்தன உத்தியோகத்துக்கு, உன் முகத்துக்கு அல்ல. அதை மறந்துவிடாதே.

ஓர் அறையில் எல்லாரையும் வாயை மூடச் சொல்வது ஒரு வேலையா? இருபது வருஷமாகப் பள்ளிக்கூடத்தில் நான் அதைத்தான் செய்கிறேன். என்னை யாரும் கலைஞர் என்று சொல்லவில்லை.

லீவு முடியுமுன் ஆபீசுக்குத் திரும்பு. வேளைக்குச் சாப்பிடு.

அக்கா ஜெனேவியேவ்

சைகோன்,
3 அக்டோபர் 1931

அக்கா,

உங்களுக்கு எழுதப் பயந்து இத்தனை நாள் சும்மா இருந்துவிட்டேன். ஒரு தப்பு நடந்துவிட்டது.

கோ தாம் என்று ஒரு நாடகப் பாடகி. கடைசி அடியை அவள் இழுத்து இறக்கிய அழகில், பாட்டைப் பதிக்கிற ஊசி மெழுகுத்தட்டைவிட்டு எழும்புமுன் என் வாய் "பலே!" என்றுவிட்டது. நம் ஊரில் கச்சேரி கேட்டுப் பழகிய வாய். மிசே ஃபெர்னான் அடுத்த அறையிலிருந்து ஓடிவந்து, "நீ வேலைக்கு வந்தவனா, டிக்கெட் வாங்கி வந்தவனா?" என்று கத்தினார். மெழுகை ஓட்டிக் கேட்டால் பதிந்த பாட்டே தேய்ந்துவிடும். அதனால் என் குரல் அதில் விழுந்ததா என்று பார்க்கவும் வழியில்லை. மறுபடி பாடச் சொன்னோம். கோ தாமுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. வேறு வழியில்லாமல், இசைத்தட்டு அச்சடிக்க அந்த மெழுகையே பிரான்சுக்கு அனுப்பினோம். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கமில்லை.

போன மாதம் தட்டுகள் வந்தன. பலே கணீரென்று கேட்கிறது! கடையில் "அந்த இந்தியன் கத்துகிற தட்டு" என்று கேட்டு வாங்குகிறார்கள். அடுத்த பாட்டுக்கும் நான் கத்த வேண்டுமாம், கோ தாம் அடம்பிடிக்கிறாள். சொல்லி வைத்துக் கத்த எனக்கு வராது என்றேன்.

துரை சொந்த ஊருக்குத் திரும்புகிறார். இயந்திரத்தை என் பொறுப்பில் விடத் தயார். ஆனால் நான் சுங்க ஆபீஸ் வேலையை ராஜினாமா செய்தாக வேண்டும். எனக்கு ஆசை. அந்துவானேத்தை இழக்கவும் மனசில்லை. நீங்கள் என்ன சொன்னாலும் கேட்கிறேன்.

உங்கள் சிநேகிதி நஜ்முன்னிசாவின் வீட்டுக்காரர் தாஜுதீன் ஊருக்கு வருகிறார். அவரிடம் தட்டைக் கொடுத்திருக்கிறேன்.

ஜூல்

காரைக்கால்,
12 டிசம்பர் 1931

ஜூல்,

தட்டு உடையாமல் வந்தது. நஜ்முன்னிசாவிடம் கிராமபோனை இரவல் வாங்கினேன். பாட்டு எனக்கு விளங்கவில்லை. அந்த ஒரு சத்தத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சுங்க ஆபீசிலிருந்து நீ எழுதிய கடிதம் ஒன்றில்கூட இந்தக் குரல் இல்லை.

இனி மறைக்க வேண்டாமென்று, ஞாயிறு பூசை முடிந்ததும் அந்துவானேத்தையும் அவள் அப்பாவையும் வீட்டுக்கு அழைத்துப் போட்டுக் காட்டினேன்.

"யாரது, நடுவில் கத்துகிறவன்?"

"உங்கள் மாப்பிள்ளை."

"துரைத்தன உத்தியோகஸ்தன் இப்படியா கத்துவான்?"

"கத்தமாட்டான். இவன் அதை விட்டுவிட்டான்" என்றேன். நீ இன்னும் விடவில்லை. அதனால் கடிதம் கிடைத்ததும் ராஜினாமாவைக் கொடுத்துவிடு. நான் பொய் சொன்னதாக ஆகிவிடக்கூடாது.

அவர் எழுந்து குடையை எடுத்துக்கொண்டு, "வாம்மா, போகலாம்" என்றார். அந்துவானேத் நாற்காலியைவிட்டு அசையவில்லை. "அக்கா, மறுபக்கத்தில் என்ன பாட்டு?" என்று என்னைக் கேட்டாள்.

நான் தட்டைத் திருப்பிப் போட்டேன். அவர் வாசலில் மழையில் நின்றார். பெண்ணை விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை, உள்ளே வரவும் மனசில்லை. பாட்டு முடிந்ததும் அந்துவானேத்திடம் காப்பி கொடுத்தனுப்பினேன். குடித்தார். முணுமுணுத்துக்கொண்டே கல்யாணத்துக்குத் தேதி கேட்டார்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து வை. வரும்போது கிராமபோன் ஒன்று வாங்கி வா. நஜ்முன்னிசா தன்னுடையதைத் திருப்பிக் கேட்கிறாள்.

ஜெனேவியேவ்