உன் நோட்டில் இருக்கும் என் எண்கள்

மூன்று வாரம் இளையவனான என் தம்பி தினேஷுக்கு,

உன் நோட்டில் இருப்பது உன் சர்க்கரை அளவு இல்லை. என்னுடையது. நீ பார்த்து எழுதினாய், நான் காட்டினேன். நீ செத்து இரண்டு வருடம் ஆகிறது. இதை இன்னும் யாரிடமும் நான் சொல்லவில்லை.

நம் இருவருக்கும் பதின்மூன்று வயதில் சர்க்கரை வந்தது. மாத்திரைக்கு அடங்காத வகை. தினமும் இன்சுலின் போட்டே ஆக வேண்டும். மாதம் ஒருமுறை மாமல்லபுரத்தில் பஸ் ஏறி, செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் டோக்கன் வாங்கி, விரலில் குத்திப் பார்த்த எண்களை எழுதிய நோட்டை டாக்டரிடம் நீட்டுவோம். அந்த வரிசையில்தான் உன்னைப் பார்த்தேன். பிறந்த தேதியைக் கேட்டுவிட்டு, "அப்ப நீ எனக்கு அக்கா" என்றாய். கிண்டலாகத்தான் சொன்னாய். அப்படியே நிலைத்துவிட்டது.

என் அம்மா ஒரு தடவைகூட என்னைத் தனியாக அனுப்பியதில்லை. "யாராச்சும் கேட்டா கண் டாக்டர்ட்ட போறோம்னு சொல்லு. சுகர்னு வெளிய தெரிஞ்சா ஒருத்தனும் பொண்ணு கேட்டு வர மாட்டான்" என்பார். உன் அம்மா முதல் வருடம் மட்டும் வந்தார். ஹோட்டலில் அறை சுத்தம் செய்யும் வேலை, லீவு கிடைக்காது. அதற்கு அவர் வருத்தப்பட்டதாகவும் தெரியவில்லை. "ஆம்பளப்புள்ள, தானே போய்ட்டு வந்துருவான்" என்று என் அம்மாவிடம் பெருமையாகச் சொன்னார். உனக்கு அப்போது பதினாலு வயது.

அதற்குப் பிறகு நீ தனியாக வந்தாய். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் பின் சீட்டுக்கு வந்து என் நோட்டைக் கேட்பாய். முன் சீட்டில் என் அம்மா தூங்கிக்கொண்டிருப்பார்.

"குடு அக்கா. ரெண்டே நிமிசம்."

"நேத்து ஊசி போட்டியா?"

"காலைல போட்டேன். மத்தியானம் பசங்க கூட இருந்தேன். அவனுங்க எதிர்ல சட்டையத் தூக்கிகினு வவுத்துல குத்திக்க சொல்றியா? 'இன்னாடா, மாசமா கீறியா'ன்னு கேப்பானுங்க."

"கேட்டா கேக்கட்டுமே."

"நீ மட்டும் இன்னா, ஒளிஞ்சிதான போடற? ஒனக்குக் கல்யாணம். எனக்கு வாலிபால்."

நோட்டைக் கொடுத்தேன்.

அப்படியே எழுதினால் மாட்டிக்கொள்வோம் என்று ஒன்றில் இரண்டைக் கூட்டுவாய், இன்னொன்றில் மூன்றைக் குறைப்பாய். ஆனால் சிவப்புப் புள்ளிகளை மட்டும் அப்படியே போட்டாய். அவை எனக்கு மாதவிடாய் வரும் நாட்கள். அந்த நாட்களில் சர்க்கரை ஏறும், குறித்து வை என்று டாக்டர் என்னிடம் சொல்லியிருந்தார். "இதென்ன சிவப்பு?" என்று டாக்டர் உன்னிடம் கேட்டபோது, "மேட்ச் நாளு மேடம்" என்றாய். வெளியே வந்து நான் விஷயத்தைச் சொன்னதும், வராண்டாவில் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். அப்படி ஒரு சிரிப்பை நான் பிறகு யாரிடமும் பார்க்கவில்லை.

டாக்டருக்குச் சந்தேகம் இருந்தது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ரத்தப் பரிசோதனை ஏறிக்கொண்டே போனது. "நோட்டு இவ்வளவு நல்லா இருக்கு, ரத்தம் ஏன் இப்படி இருக்கு? அடுத்த தடவை அம்மாவைக் கூட்டிட்டு வா" என்றார். நீ கூட்டி வரவில்லை. அன்று நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

பதினெட்டு வயதில் மூன்று நாள் வாலிபால் போட்டிக்குப் போனாய். ஊசிப்பை வீட்டில் இருந்தது. நடந்ததை உன் கேப்டன் என்னிடம் பிறகு சொன்னான். "வாந்தி எடுத்தான். மூச்சு மூச்சா வாங்கினு இருந்தான். பீரு ஒத்துக்கலன்னு எலுமிச்ச ஜூஸ் குடுத்தோம். ஆஸ்பத்திரிக்குப் போலாம் மச்சான்னேன். ஒரு பீருக்கா, மானம் பூடும்டான்னான். அவனுக்கு சுகர்னே எங்களுக்குத் தெரியாதுங்க." ஐந்து வருடம் உன்னோடு விளையாடியவன் அவன். கெட்டவன் இல்லை. தெரிந்திருந்தால் உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடியிருப்பான்.

காரியம் முடிந்த பிறகு உன் அம்மா என்னை ஃபிரிட்ஜ் பக்கம் கூட்டிப்போனார். உடைக்காத இன்சுலின் பாட்டில்கள் மூன்று. "இது எக்ஸ்ட்ராவா குடுத்ததா கண்ணு?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். ஆறுதலுக்காகச் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். என்னைக் காப்பாற்றிக்கொள்ளவும்தான்.

அந்த 'ஆமாம்' இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறது என்று சொல்கிறேன், கேள்.

போன வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மாவோடு வேலை செய்யும் திருவிடந்தைக்காரப் பெண் ஒருவர் மகளோடு வந்திருந்தார். மகள் பெயர் சந்தியா. பதின்மூன்று வயது. நமக்கு வந்த அதே சர்க்கரை, நாலு மாதமாக. உன் நோட்டு அவர்கள் மடியில் விரிந்து கிடந்தது.

"பாரு, எம்புள்ள எவ்ளோ கரீட்டா எயுதி வெச்சிகீறான். வெளையாடின நாளக்கூட செவப்புல போட்டுகீறான். இவ்ளோ குத்திகினும் பூட்டானே. ஊசில ஒண்ணுமில்லம்மா" என்றார் உன் அம்மா.

"பொம்பளப்புள்ள வேறக்கா. வவுறு பூரா புள்ளி புள்ளியாப் பூட்டா நாளைக்கு எவன் கட்டுவான்? இப்ப ஒரு வேளதான் போடறேன். அதையும் வுட்டுட்டு நாட்டு மருந்து பாக்கலாம்னு கீறேன்" என்றார் சந்தியாவின் அம்மா.

சந்தியா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தாள். நான் அங்கே இருந்த கொஞ்ச நேரத்துக்குள் இரண்டு செம்பு. அதற்கு என்ன அர்த்தம் என்று உனக்கும் எனக்கும் தெரியும்.

நான் யார் என்று அந்த அம்மா கேட்டார். "தினேஷு கூடப் படிச்ச பொண்ணு" என்றார் உன் அம்மா. என் அம்மா கேட்டுக்கொண்டதற்காக என் ரகசியத்தை இன்னும் காப்பாற்றுகிறார். சர்க்கரை போட்ட டீ கொடுத்தார்கள். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். குடித்தேன். கைப்பையில் ஊசி இருந்தது. எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து யோசித்தேன், நான் உன்னைவிட எந்த விதத்தில் புத்திசாலி? நீ ஆம்பளை என்று காட்டுவதற்காக ஊசியை விட்டாய். நான் குறையில்லாத பெண் என்று காட்டுவதற்காக டீயைக் குடித்தேன். நான் உயிரோடு இருப்பதற்கு ஒரே காரணம், என்னை ஒளித்து வைத்தாலும் மூன்று வேளையும் ஊசி போட வைக்க ஒருத்தி இருந்தாள். உன்னை ஆம்பளை என்று சொல்லி விட்டுவிட்டார்கள். சந்தியாவைப் பெண் என்று சொல்லிச் சாகக் கொடுக்கப் போகிறார்கள்.

இந்த வெள்ளிக்கிழமை மறுபடியும் அவர்கள் வருகிறார்கள். நானும் போகிறேன். என் நோட்டை உன் நோட்டுக்குப் பக்கத்தில் வைத்துச் சிவப்புப் புள்ளிகளைக் காட்டுவேன். அந்த மூன்று பாட்டில்களைப் பற்றிச் சொல்வேன். சந்தியா பார்க்க, என் வயிற்றில் ஊசி போட்டுக்கொள்வேன். சாயங்காலத்துக்குள் செய்தி என் வீட்டுக்கு வந்துவிடும். செங்கல்பட்டிலிருந்து ஒரு இடம் பேசிக்கொண்டிருக்கிறார்கள், அது போய்விடும். போகட்டும். உன் அம்மா என் முகத்தில் இனி விழிக்காமல் போகலாம். அதற்குத்தான் பயமாக இருக்கிறது. ஆனாலும் சொல்வேன். இது உனக்குக் கொடுக்கும் வாக்கு.

அதற்கு முன்னால் நீ எனக்கு ஒன்று சொல்ல வேண்டும். உன் அம்மா தினமும் அந்த நோட்டைத் தடவிப் பார்க்கிறார். அவரிடமிருந்து எல்லாப் பக்கத்தையும் நான் பறிக்கப் போகிறேன். அதில் ஒரு எண்ணாவது உன்னுடையதா? யாரும் பார்க்காத ஏதோ ஒரு காலையில் நீயே குத்திப் பார்த்து எழுதியது, ஒன்றாவது இருக்கிறதா? நீ கூட்டியும் குறைத்தும் வைத்ததில் எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அந்த ஒன்றையாவது அவரிடம் விட்டுவிட்டு வருகிறேன். தேதி மட்டும் போதும்.

எது என்று சொல்லுடா.

மூன்று வாரம் மூத்த உன் அக்கா,
நஸ்ரின்