மாவரைக்கும் நேரம்

நீலகிரி மின்நிலைய மெஸ்,
6.8.2012

மதிப்புள்ள மாமாவுக்கு,

பட்டம்மாள் வணங்கி எழுதுவது. உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மேல்பட்டாம்பாக்கத்தில் பகலெல்லாம் கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாமல் நாற்று காய்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. மின்நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் இங்கே விளக்கு அணைவதே இல்லை.

அதனால் கிரைண்டரை நிறுத்திவிட்டு ஆட்டுக்கல்லில் மாவரைத்தேன். மெஸ்ஸுக்குச் சாப்பிட வந்த இன்ஜினியர் தம்பி சிரித்துவிட்டார்.

“ஏன் பாட்டிம்மா, நீங்க கிரைண்டரை நிறுத்தினா ஊர்ல மோட்டார் ஓடிடுமா? அணையிலயே தண்ணி இல்ல. மாசக்கணக்கா பெய்யற மழை இப்பல்லாம் நாலு நாள்ல கொட்டிட்டு நின்னுடுது. பூமி சூடாயிடுச்சு.”

“அண்ணாமலை நகர்ல படிக்கிற என் பேத்தியும் இதத்தான் சொல்லுது தம்பி” என்றேன். விடுவேனா?

தெரிந்தும் மனசு கேட்கவில்லை. கையில் சின்னக் கொப்புளம்தான், பயப்படாதீர்கள். யாராவது வந்தால் நம் வீட்டு மஞ்சள்தூள் கொடுத்தனுப்புங்கள். இங்கே வாங்குவதில் வாசனையே இல்லை. மோட்டாருக்கு எந்த நேரத்தில் கரண்ட் விடுகிறார்கள் என்றும் எழுதுங்கள். அந்த நேரத்தில் மட்டுமாவது கிரைண்டரைத் தொடாமல் இருக்கிறேன்.

சாம்பார் பொங்குகிறது, ஓடுகிறேன்.

பட்டம்மாள்