தொட்டிக்கு மேல் ஒரு தகரம்

ஆடி 3, வெள்ளி. இரவு.

இன்றும் கான்ட்ராக்டர் வரவில்லை. புது வீட்டு வாசலில் தரைக்குள் கட்டிய தண்ணீர்த் தொட்டி மூடியில்லாமல் கிடக்கிறது. மேலே ஒரு தகரத்தைப் போட்டு வைத்திருக்கிறோம். தோட்டத்துக்கு வெட்டிய குழிகளும் அப்படியே. இரண்டு வயது மகிழனோடு நானும் பகலெல்லாம் உள்ளே அடைந்து கிடக்கிறேன்.

மதியம் போன் செய்தேன். "அண்ணே, சின்னப் பிள்ளை இருக்கிற வீடு. மூடியை மட்டுமாவது போட்டுக் குடுங்க."

"பால்தான் காய்ச்சிட்டீங்களேம்மா, இனிமே என்ன அவசரம்? ஆடி போகட்டும்" என்று சிரித்தார்.

ஆடிக்கு முன்னால் குடிவந்துவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது நான்தான். வேலை முடியட்டும் என்று என் வீட்டுக்காரர் எவ்வளவோ சொன்னார். கே.கே. நகர் வாடகை வீட்டுக்கு வேறு ஆள் வந்தாயிற்று. வேறு கொத்தனாரைக் கேட்டால், இன்னொருவர் பாதியில் விட்டதில் கைவைக்க மாட்டேன் என்கிறார்.

சாயங்காலம் துணி மடித்துக்கொண்டிருந்தபோது வெளியே டம் டம்மென்று சத்தம் கேட்டது. மகிழன் நாற்காலி போட்டு ஏறித் தாழ்ப்பாளைத் திறந்திருக்கிறான். தகரத்தின் மேல் நின்று குதித்துக்கொண்டிருந்தான். எப்படி ஓடினேன், எப்படித் தூக்கினேன் என்று தெரியவில்லை.

இவர் வந்ததும், "ஏன் ஒரு மாதிரி இருக்கே?" என்று கேட்டார்.

"ஒன்னுமில்லைங்க. கான்ட்ராக்டர் வரலை, அவ்வளவுதான்."