புளிக்காத மாவு

ஷாபூர்,

அடுப்பின் மேல் அவரைக் குழம்பு இருக்கிறது, சூடுபண்ணிக்கொள்ளுங்கள். அதில் தொட்டுச் சாப்பிட உங்கள் கடை ரொட்டியே போதும். அதன் லட்சணம் எனக்கு இன்று தெரிந்துவிட்டது.

மதியம் கடைக்குச் சாப்பாடு கொண்டுவந்தேன், நீங்கள் இல்லை. மாவு மூட்டைக்குப் பின்னால் சோடா உப்பு மூட்டை இருந்தது. மாவு பிசையும் பெரியவரைக் கேட்டேன். "மூணு மாசமா இதுதானேம்மா! புளிக்க வெக்க ஏது நேரம்?" என்றார், பாவம்.

நம் மகளைப் பார்த்த டாக்டர் உங்களையும் வைத்துக்கொண்டுதானே சொன்னார்? "பிள்ளைக்குத் துத்தநாகச் சத்து பத்தல. அதான் குடல்ல நல்ல கிருமிங்க குறைஞ்சு, கெட்டது பெருகி, உள்ளெல்லாம் வீங்கியிருக்கு. மாவு நல்லாப் புளிக்கணும். இல்லன்னா சத்து ரொட்டியிலயே தங்கிடும், உடம்புல ஒட்டாது."

"கோல்நார் உயிர்மேல ஆணை, விடிய விடியப் புளிச்ச மாவு" என்றீர்கள். நானும் பிட்டுப் பிட்டு ஊட்டினேன். அவளுக்கு வயிற்றுப்போக்கு நின்றபாடில்லை.

நான் பிஸ்தா வியாபாரி மகள். பழைய சரக்கை மூட்டை பிரிக்காமலே முகர்ந்து சொல்வேன். உங்கள் வார்த்தையை மட்டும்தான் முகராமல் வாங்கினேன்.

அவளோடு அப்பா வீட்டுக்குப் போகிறேன். துத்தநாக மருந்து என் பையில் இருக்கிறது, தேடவேண்டாம். ஜாடியில் புளித்த மாவு வைத்திருக்கிறேன். தினம் ஒரு பிடி மாவு போட்டுத் தண்ணீர் விடுங்கள். வியாழக்கிழமை அதில் சுட்ட ரொட்டியோடு வாருங்கள். வாசலிலேயே பிட்டுப் பார்ப்பேன்.

மஹ்லகா

பி.கு.: கிளம்பும்போது கோல்நார் கேட்டாள், "பாபா சுட்ட ரொட்டியாலயா எனக்கு வயிறு வலிக்குது?" "இல்லடி கண்ணு" என்றேன். உங்களுக்காக நானும் ஒரு பொய் சொல்லிவிட்டேன்.