குளியல் கூடம் நான்கு முறை திறந்த ஊர்

சரிபுலாக்,
4 மார்ச் 1992

அன்புள்ள அயிம்கானுக்கு,

நலம்தானே? உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று உன் தம்பியிடம் கேட்டேன். "நீங்களே எழுதிக் கேளுங்க அத்தான், நான் என்ன தபால்காரனா?" என்று எரிந்து விழுந்தான். அதனால்தான் இந்தக் கடிதம்.

நம் 'மலை உழைப்பு' பத்திரிகைக்கு மே மாதம் அறுபது வயதாகிறது. சோவியத் ஆட்சி போய்விட்டதால், இப்போது சிரிக்கலாம் என்று அனுமதி வந்துவிட்டதாம். புது ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, பழைய தலைப்புகளைப் பொறுக்கி ஒரு பக்கம் தயார் செய்யச் சொன்னார். பத்து நாளாகத் தூசியில் உட்கார்ந்திருக்கிறேன். நான் போட்ட தலைப்பை நானே நம்ப மாட்டேன் போலிருக்கிறது.

"குளியல் கூடம் திறப்பு: உழைப்பாளர் மகிழ்ச்சி." 1956இல் ஒரு தடவை, பிறகு மூன்று வருஷமும் தவறாமல். குழாயே வந்து சேராத கூடம், உள்ளே அடுக்கிவைத்த கம்பளி மூட்டைதான் குளித்தது. 1958 மே தினம்: "பொன் வெயிலில் ஊர்வலம்." முந்தின நாளே அச்சாகிவிட்டது. விடிந்தால் பனி கொட்டுகிறது. அந்தப் பத்திரிகையைத்தான் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஜனங்கள் ஓடினார்கள், ஞாபகம் இருக்கிறதா?

மே இருபதாம் தேதி விருந்து. அச்சு எழுத்துக் கோத்தவள் நீ, நீ வராமல் என்ன விழா? கட்டாயம் வா.

அன்புடன்,
ஷைலோபெக்


பிஷ்கெக்,
15 மார்ச் 1992

ஆசிரியர் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வலிக்குக் குறைவில்லை. தலைப்புகளைப் படித்துத் தனியாகச் சிரித்ததில் பக்கத்து வீட்டுக்காரி கதவைத் தட்டிவிட்டாள்.

ஒன்றை விட்டுவிட்டீர்கள். "நூறு ஆட்டுக்கு நூற்று முப்பது குட்டி!" மேய்ப்பர் மம்பெத் அலுவலகத்துக்கே வந்து நின்றாரே. "ஆசிரியரே, எண்பதுதான் பொறந்துச்சு. மிச்சம் ஐம்பதை நானா பெத்துப் போடுறது?" அப்புறம், குளியல் கூடத்துத் தலைப்புக்குக் கோத்த ஈய எழுத்துகளை நான் கலைக்கவே இல்லை. நூல் கட்டி மூலையில் வைத்திருந்தேன். வருஷா வருஷம் எடுத்து வைப்பதுதான் வேலை.

விழாவுக்கு மட்டும் கூப்பிடாதீர்கள். 1961 அக்டோபர், நான்காம் பக்கம், வலது மூலை. அதையும் சிரிப்புப் பக்கத்தில் சேர்த்தாயிற்றா? "குடிமகள் அயிம்கான், குடிமகன் ஷைலோபெக் மீது மணவிலக்கு வழக்குத் தொடர்ந்துள்ளார்." பத்திரிகையில் வராமல் அப்போது எந்த நீதிமன்றமும் விலக்குத் தராது. ஐந்து வரியையும் என் கையால் கோத்தேன். நீங்கள் பிழை பார்த்துவிட்டு, "சரியா இருக்கு" என்றீர்கள். "நான் போகட்டுமா?" என்று கேட்டேன். "உன் இஷ்டம்" என்றீர்கள். ஆறு வருஷக் குடித்தனத்தில் எதைக் கேட்டாலும் அதே பதில்தான்.

ஊரே படித்த விஷயம். என் அம்மா இறந்த நாற்பதாம் நாள் படையலுக்குக்கூட மூக்குவரை முக்காடு இழுத்துக்கொண்டு வந்தேன். சமையல் கொப்பரைக்குப் பின்னால் நின்றேன், கையில் கொடுத்த ரொட்டியைத் தின்னாமலே அடுத்த பேருந்தில் ஏறிவிட்டேன். அம்மாவும் சாகும்வரை அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. வெட்கத்தில் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாதா? அந்த முகங்களை மறுபடி பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

இப்படிக்கு,
அயிம்கான்


சரிபுலாக்,
24 மார்ச் 1992

அயிம்கானுக்கு,

உன் கடிதத்தை நாலு தடவை படித்தேன். படையலுக்கு நீ வந்து போனதே எனக்கு இன்றுதான் தெரியும்.

ஊர் அதைப் படிக்கவில்லை. அன்று நான்காம் பக்கம் இரண்டு விதமாக அச்சானது. அறிவிப்போடு அச்சானது ஒரே ஒரு தாள். அதைத்தான் உன்னிடம் கொடுத்தேன், நீ நீதிமன்றத்துக்குக் கொண்டுபோனாய். நீ வாசலைத் தாண்டியதும் எந்திரத்தை நிறுத்தி உன் ஐந்து வரியை உருவினேன். அந்த இடத்தில் "நல்ல கிடாவைத் தேர்ந்தெடுப்பது எப்படி" என்ற குறிப்பைத் திணித்தேன். இரண்டாயிரம் பிரதியும் கிடாவோடுதான் போயின. மாட்டியிருந்தால் வேலை போயிருக்கும், அதற்கு மேலும் நடந்திருக்கும்.

குளிர்காலம் முடிந்ததும் நீ வந்துவிடுவாய் என்று நினைத்தேன். வந்தால் கடையிலோ தண்ணீர்க் குழாயடியிலோ ஒருத்தரும் உன்னைப் பார்த்துக் குசுகுசுக்கக் கூடாது. அதற்காகச் செய்தேன். கேட்டவர்களிடம், தலைநகர அச்சகத்தில் வேலைக்குப் போயிருக்கிறாள் என்றேன்.

உனக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நடக்காததற்கெல்லாம் கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டவனுக்கு, எதிரில் நின்ற உன்னிடம் "போகாதே" என்று சொல்ல வாய் வரவில்லை. பயம். நீ போகத்தான் போவேன் என்று சொல்லிவிட்டால் என்ன செய்வது? எனக்கு அறுபத்தேழு வயது, பயப்பட்டது போதும். நீ இல்லாமல் வீடு நன்றாக இல்லை, ஒரு நாளும் நன்றாக இருந்ததில்லை. வந்துவிடு.

ஷைலோபெக்


பிஷ்கெக்,
5 ஏப்ரல் 1992

ஷைலோபெக்குக்கு,

முதலில் நம்பவில்லை. தபால் நிலையத்துக்குப் போய்த் தம்பிக்குத் தொலைபேசி போட்டேன். "எங்க மணவிலக்குச் செய்தியப் பத்திரிகையில படிச்சியாடா?" என்று கேட்டேன்.

"மணவிலக்கா? யாருக்குக்கா? நீ வேலைக்குப் போயிருக்கேன்னு அத்தான் சொன்னாரு. முப்பது வருஷமா அப்படி என்ன வேலைன்னு கேட்டா முறைப்பாரு. ஏதோ சண்டைன்னு விட்டுட்டோம். அம்மாகூட, 'அவளா சொல்ற வரைக்கும் யாரும் கேக்காதீங்க'ன்னாங்க."

தபால் நிலையத்திலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அம்மா வெட்கப்படவில்லை. நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான்தான் அவளுக்குத் தெரியும் என்று நினைத்து வாயை மூடிக்கொண்டிருந்தேன். நல்லது செய்கிறேன் என்று செய்தீர்கள், அது எனக்குப் புரிகிறது. என் பொருட்டு நீங்கள் வேலையைப் பணயம் வைத்தது தெரிந்ததும் மனசு இளகிவிட்டது. ஆனால் அம்மா விஷயத்தில் உங்களை மன்னிக்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை. சாமர்த்தியமாக எந்திரத்தை நிறுத்தத் தெரிந்தவருக்கு, ஒரு காகிதத்தில் இரண்டு வரி எழுதி என் முகவரிக்கு அனுப்பத் தெரியவில்லையா? நானும்தான் எழுதிக் கேட்கவில்லை. இரண்டு பேருக்கும் என்ன வீம்பு!

பதினேழாம் தேதி வெள்ளிக்கிழமைப் பேருந்தில் வருகிறேன். விழாவுக்கு என்று நினைத்துவிடாதீர்கள், அதற்கு இன்னும் ஒரு மாதம் கிடக்கிறது. முதலில் அம்மாவின் கல்லறைக்குப் போக வேண்டும், நீங்களும் கூட வர வேண்டும். அப்புறம் உங்களோடு சண்டை போட வேண்டும். முப்பது வருஷத்துச் சண்டை, ஒரு மாதத்தில் முடியாது. அதனால் குளிர்காலத்துத் துணிகளையும் எடுத்து வைத்துவிட்டேன். பெட்டி கனக்கிறது, பேருந்து நிற்கும் இடத்துக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள்,
அயிம்கான்