சொல்லாமல் எழுந்து போன மச்சானுக்கு

என் பிரியத்துக்குரிய மச்சானுக்கு, உங்கள் மாப்பிள்ளை கருப்பையா தன் கையாலேயே எழுதுவது.

'தன் கையாலேயே' என்று எழுதிவிட்டு அதை ஒரு தடவை வாசித்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருக்கிறது. நீங்கள் போன பிறகு எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சாயங்காலம் பெரியவர்களுக்கு வகுப்பு வைத்தார்கள். எழுபதைத் தாண்டியவன் எதற்கு என்று சிலர் சிரித்தார்கள். நான் போய் முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டேன். எனக்கு எழுத்து மெதுவாகத்தான் வரும். ஒரு வரி முடிவதற்குள் வாசல் வெயில் நகர்ந்துவிடுகிறது. பொறுத்து உட்காருங்கள் மச்சான். இந்த ஒரு தடவையாவது பாதியில் எழுந்து போய்விடாதீர்கள்.

வாசிக்க வந்ததிலிருந்து எனக்கு வாய் ஓயவில்லை. பஸ்ஸில் உட்கார்ந்தால் வழியில் உள்ள கடைப் பலகை எல்லாவற்றையும் சத்தமாக வாசித்துக்கொண்டு வருகிறேன். பக்கத்தில் இருப்பவர்கள் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். உரக்கடை, சிமெண்டுக் கடை, கண் ஆஸ்பத்திரி என்று இத்தனை காலம் எனக்குச் சொல்லாமல் ஊரே எழுதி வைத்திருந்திருக்கிறது.

போனில் நம் குடும்பத்துக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. காலை வணக்கமும் சாமி படமும் வந்துகொண்டே இருக்கும். சிங்கப்பூரில் இருக்கும் உங்கள் மகன் போன மாதம் அதிலிருந்து வெளியேறிவிட்டான். 'வெளியேறினார்' என்று அதுவே போட்டுவிட்டது. நானே வாசித்தேன். அன்று முழுக்க ஆளாளுக்குப் போன். யார் என்ன சொன்னது, அவனுக்கு என்ன கோபம் என்று ஒரே விசாரணை. கடைசியில் அவனைப் பிடித்துக் கேட்டால், "போன்ல எடம் பத்தல மாமா, அம்புட்டுதான்" என்கிறான். உங்கள் பிள்ளை வேறு எப்படி இருப்பான்?

ஆனால் கேட்டவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. நம் பக்கத்து முறை அப்படி. நல்லது நடக்கும் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். அதிலும் 'போறேன்' என்று சொல்லக் கூடாது, 'போயிட்டு வாரேன்' என்று சொல்ல வேண்டும். கெட்டது நடந்த வீட்டில் அதற்கு நேர்மாறு. அங்கே யாரும் 'வாங்க' என்று கூப்பிடுவதும் இல்லை, போகிறவர் சொல்லிக்கொள்வதும் இல்லை. அங்கே போய் 'வாரேன்' என்றால் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடுமாம். பேசாமல் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடக்க வேண்டியதுதான். இழவு வீட்டில் சொல்லாமல் போனால் மரியாதை. கல்யாண வீட்டில் சொல்லாமல் போனால் கோபித்துக்கொண்டு போனதாக அர்த்தம்.

நீங்கள் ஒருத்தர்தான் இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி கிளம்பியவர்.

என் மகள் கல்யாணத்தை மறக்க முடியுமா? கந்தர்வக்கோட்டை மண்டபத்தில் தாலி கட்டி முடிந்து பந்தி நடந்துகொண்டிருந்தது. தாய்மாமனைக் காணோம். சீர் கொண்டுவந்த மாமன் சொல்லாமல் போய்விட்டார் என்றால் சும்மாவா? மாலை சின்னதாக இருந்ததோ, பந்தியில் யாராவது கவனிக்காமல் விட்டார்களோ என்று மண்டபமே கலங்கிப் போனது. சம்பந்தி வீட்டார் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். உங்கள் தங்கச்சி செல்லம்மா சமையல்கட்டில் ஒரு மூலையில் நின்று அழுகிறாள். இரண்டு பேர் வண்டியை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பறந்தார்கள். அங்கே நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

"மாமா, என்ன கோவமா இருந்தாலும் மண்டபத்துல வந்து பேசிக்கிருவோம், வாங்க" என்று அவர்கள் உங்கள் காலைத் தொடாத குறையாகக் கெஞ்சியிருக்கிறார்கள்.

"யாருக்குடா கோவம்? மாட்டுக்குத் தண்ணி காட்டணும், விடுங்கடா" என்றீர்களாம்.

பிறகு ஒரு நாள் நான் உங்களிடமே கேட்டேன். ஏன் மச்சான், ஒரு வார்த்தை சொல்வதில் என்ன வந்துவிட்டது?

"மாப்ள, நான் போறேன்னு சொன்னா, எலையில ஒக்காந்திருக்கிறவன் எச்சிக் கையோட எந்திரிக்கிறான். எந்தங்கச்சி அடுப்ப விட்டுட்டு ஓடியாறா. 'இருங்க, இருங்க'ன்னு நாலு பேரு கையப் புடிக்கிறாய்ங்க. நல்லா ஓடிக்கிட்டு இருக்கிற எடத்த நான் ஒருத்தன் நிப்பாட்டணுமா? நான் இல்லாமயும் அது பாட்டுக்கு ஓடட்டும்ங்கிறேன்."

அன்றைக்கு எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் பாதி நியாயமாகப் படுகிறது. சொல்லிக்கொள்வது என்பது போகிறவருக்காகவா, இருக்கிறவருக்காகவா? போகிறவருக்குப் பாதை முன்னால் இருக்கிறது, அவர் பஸ்ஸைப் பற்றி நினைத்துக்கொண்டு போய்விடுவார். இருக்கிறவருக்குத்தான் நீங்கள் உட்கார்ந்திருந்த இடம் வெறுமையாகக் கிடக்கும். இதை நீங்கள் யோசித்தீர்களா மச்சான்?

அந்தக் கடைசி மத்தியானத்தைப் பற்றிச் சொல்கிறேன். அது உங்களுக்குத் தெரிந்ததுதான், ஆனால் நீங்கள் கிளம்பிய பிறகு நடந்தது தெரியாதல்லவா? நான் வயலில் இருந்தேன். நீங்கள் எங்கள் வீட்டில் கருவாட்டுக் குழம்பு ஊற்றிச் சாப்பிட்டிருக்கிறீர்கள். சோறு போட்டுக்கொண்டே உங்கள் தங்கச்சி உங்களைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரம் ஒரு காதுகுத்தில் நீங்கள் சொல்லாமல் கிளம்பியது அவள் காதுக்கு வந்திருந்தது.

"இம்புட்டு வயசாகியும் ஒரு மொறை தெரியலண்ணே ஒங்களுக்கு. ஒங்களால எனக்குத்தான் தலகுனிவு. இப்பிடி மருவாதை கெட்டதனமாப் போறதுக்கு எங்கயும் வராமலே இருந்துக்கங்க" என்று சொல்லியிருக்கிறாள்.

நீங்கள் சிரித்தீர்களாம். அவள் உங்களுக்குக் கொடுத்துவிட முந்திரிப்பருப்பு எடுக்கக் கொல்லைப்புறம் போயிருக்கிறாள். பொட்டலம் கட்டிக்கொண்டு வந்து பார்த்தால் நாற்காலியில் நீங்கள் இல்லை. மறுநாள் விடியலில் போன் வந்தது.

அன்றையிலிருந்து அவள் மனதில் ஒன்றே ஒன்றுதான். அண்ணன் கோபித்துக்கொண்டு போய்விட்டார். நான் சொல்லாத சமாதானம் இல்லை. "அவர் என்னைக்கு சொல்லிட்டுப் போனாரு?" என்றேன். "என்னைக்கும் சொல்லல, சரி. ஆனா அன்னைக்குத்தானே நான் வராதீங்கன்னு சொன்னேன்" என்றாள். கருவாட்டுக் குழம்பு வைப்பதை விட்டுவிட்டாள். உங்கள் பேச்சை எடுத்தால் எழுந்து ஆட்டுக்குட்டியைப் பார்க்கப் போய்விடுவாள். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்ததிலிருந்து உங்கள் வீட்டுப் பக்கமே போகவில்லை. வருசம் திரும்பித் தலைத் திவசத்துக்கு அழைப்பு வந்தபோதும், "அவர எங்கயும் வராதீங்கன்னு சொன்னவ, இப்ப எந்த மொகத்தோட அவரு வீட்டுல போயி நிப்பேன்" என்று சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். கூடப்பிறந்த ஒரே தங்கச்சி வராமல் என்ன திவசம்? அவளை நாலைந்து நாள் கெஞ்சித்தான் கிளப்பினேன்.

புதுக்கோட்டையில் இறங்கி நார்த்தாமலை பஸ்ஸை நானே பலகை வாசித்துப் பிடித்தேன். யாரிடமும் கேட்கவில்லை. அவளிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் சன்னலுக்கு வெளியே மலையையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

உங்கள் வீட்டில் எல்லாம் முறைப்படி நடந்தது. படையல் போட்டார்கள், காக்கைக்கு வைத்தார்கள், சாப்பிட்டோம். பிறகு ஒவ்வொருவராக எழுந்தார்கள். உங்கள் மனைவி ராக்காயி அக்கா நிலைப்படிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. திவச வீட்டுக்கும் இழவு வீட்டு முறைதான், ஒருவரும் சொல்லிக்கொள்ளவில்லை. செருப்பை மாட்டுகிறார்கள், தலையைக் குனிகிறார்கள், போகிறார்கள். வீடு நிறைய ஆட்கள் உங்களைப் போலவே கிளம்பிப் போவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவர் முகத்திலும் கோபம் இல்லை.

எங்கள் முறை வந்தது. உங்கள் தங்கச்சி யார் வீட்டிலிருந்தும் சொல்லாமல் வந்தவள் இல்லையே. வாசற்படி இறங்கியவள் பழக்கத்தில் திரும்பி, "போயிட்டு வாரேன் மதினி" என்று சொல்லிவிட்டாள்.

கூடத்து மூலையில் இருந்த உங்கள் சின்னம்மா, "அடி கூறுகெட்டவளே, சொல்லக் கூடாத எடத்துல என்னத்தச் சொல்லுற" என்று பதறிவிட்டது. செல்லம்மா வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

ராக்காயி அக்காதான் பேசியது. "விடுங்கத்தே. அவ சொல்லட்டும். இந்த வீட்டுலேர்ந்து ஒருத்தர் சொல்லிட்டுப் போயி நான் கேட்டு எம்புட்டுக் காலமாச்சு." பிறகு இவளைப் பார்த்து, "இங்கிட்டு வா. ஒங்கண்ணன் ஒம்மேல கோவமாப் போனாருன்னு ஒழப்பிக்கிட்டுக் கெடக்கியாமே?" என்றது.

இவள் தலையை ஆட்டினாள்.

"அன்னைக்கு வந்தாரு. சாப்புடுங்கன்னேன். தங்கச்சி வீட்டுக் கருவாடு இன்னம் தொண்டையில நிக்குது, ஒண்ணும் வேணாம்னாரு. படுத்தாரு. காலையில எழுப்புனா ஆளு இல்ல. பக்கத்துல படுத்திருந்தவ நான். எங்கிட்டச் சொன்னாரா? அப்ப எம்மேல என்ன கோவம்? அத நான் யாருகிட்ட போயிக் கேக்குறது?"

செல்லம்மா அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அந்த மனுசன் கோவப்பட்டா தெரு மொனை வரைக்கும் கேக்கும். வட்டிலு ஒரு பக்கம் பறக்கும். ஒனக்குத் தெரியாதா? சொல்லாமக் கொள்ளாமப் போறாருன்னாலே அவருக்கு மனசு நெறஞ்சு கெடக்குன்னு அர்த்தம்" என்றது அக்கா. "எனக்குந்தான் ஆத்திரமா வருது. ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போனா என்னவாம்?"

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்து உங்களைத் திட்டினார்கள் மச்சான். நன்றாகத் திட்டினார்கள். நடுவில் அழுதார்கள், நடுவில் சிரித்தார்கள். கிளம்பியவர்கள் திவச வீட்டில் திரும்ப உட்காரக் கூடாது என்று உங்கள் சின்னம்மா முணுமுணுத்துக்கொண்டே இருந்தது. யாரும் காதில் வாங்கவில்லை. எங்கள் பஸ் போய்விட்டது. அடுத்த பஸ்ஸும் போய்விட்டது. நான் குடையை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். நிற்பதற்கு எனக்கு ஒன்றும் கஷ்டமாக இல்லை.

இப்போது வீட்டில் உங்கள் பேச்சு நடக்கிறது. திட்டாகத்தான் நடக்கிறது, ஆனால் நடக்கிறது. போன வாரம் கருவாடு வாங்கி வரச் சொன்னாள்.

நீங்கள் சொன்ன நியாயம் எல்லாம் கல்யாண வீட்டுக்குச் சரி மச்சான். இலைக்கு முன்னால் இருப்பவரை எழுப்ப வேண்டாம்தான். ஆனால் ஒன்றாக வாழ்ந்த வீட்டில், நாம் இல்லாமல் அது பாட்டுக்கு ஓடிவிடும் என்று நினைத்தீர்கள் பாருங்கள், அங்கேதான் உங்கள் கணக்குத் தப்பிவிட்டது.

அதனால் உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். என் முறை எப்படி வரும் என்று எனக்குத் தெரியாது. சொல்லிக்கொள்ள நேரம் கொடுக்குமோ, உங்களுக்கு வந்ததுபோல் தூக்கத்தில் வருமோ. ஆகையால் நான் முந்திக்கொண்டேன். வயலுக்குப் போனாலும், டீக்கடைக்குப் போனாலும், வகுப்புக்குப் போனாலும் உங்கள் தங்கச்சி முன்னால் போய் நின்று, "செல்லம்மா, போயிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் படி இறங்குகிறேன். முதலில் சலித்துக்கொண்டாள். "ஆட்டுக்குத் தழை ஒடிக்கத்தானே போறீங்க, என்னமோ பிளேன் ஏறப் போறவராட்டம்" என்றாள். இப்போது செய்துகொண்டிருக்கும் வேலையை நிறுத்தி, என் முகத்தைப் பார்த்து, "சரி, பாத்துப் போயிட்டு வாங்க" என்கிறாள். படுக்கப் போகும்போதும் சொல்கிறேன். அதற்குப் பதில் சொல்ல அவளுக்குக் கொஞ்ச நேரம் ஆகிறது. ஆனால் சொல்லிவிடுகிறாள்.

என்றைக்கு நான் வந்து சேர்ந்தாலும், அவளிடம் சொல்லிவிட்டு வந்தவனாகத்தான் வந்து சேருவேன்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சியைக் கட்டிய மாப்பிள்ளை
கருப்பையா