இருபத்து மூன்று டிவியும் ஒரு ஜன்னலும்

ஐப்பசி 10, திங்கள்

காலையில் தூறல். ஈரக் குப்பை காயவில்லை. பஞ்சாயத்துக் குப்பை எடுக்கிற பேட்டரி வண்டியில் சார்ஜ் பாதி. ஏரிமேட்டில் இறங்கித் தள்ளினேன். வண்டி என்னை ஏற்றிப் போகிறதா, நான் வண்டியை ஏற்றிப் போகிறேனா, தெரியவில்லை.

இன்று வீடு வீடாக வாங்கியவை: செல்போன் பதினொன்று. சார்ஜர் ஒரு பை. மிக்சி இரண்டு. டிவி நான்கு.

டிவி மட்டும் மொத்தம் 23. எல்லாம் முன்பு கவர்மெண்டில் சும்மா கொடுத்தார்களே, முதுகு பெருத்த டிவி, அதுதான். எல்லாம் என் வீட்டு உள் ரூமில். பஞ்சாயத்துக் குப்பைக் கொட்டகை ஒழுகுகிறது, கரண்டு சாமான் நனையக் கூடாது, ரெண்டு நாள் உன் வீட்டில் வை, வெள்ளிக்கிழமை வேன் வந்து ஏற்றிக்கொள்ளும் என்று கிளார்க் சொன்னார். எந்த வெள்ளி என்று நான் கேட்கவில்லை. என் தப்பு. மூன்று வெள்ளி போய்விட்டது.

உண்மையில் தப்பு அதற்கும் முன்னால். இங்கே மட்டும் எழுதுகிறேன்.

டிரெயினிங்கில் ஒரு மேடம் சொன்னார்கள்: டிவியை உடைக்கக் கூடாது, ஒயரை எரிக்கக் கூடாது, உள்ளே விஷம், முழுசாக வாங்கி முழுசாக அனுப்ப வேண்டும். அதையே மூன்று நாள் வீடு வீடாகச் சொன்னேன். ஒரு டிவி வரவில்லை. எல்லா வாசலிலும் ஒரே பேச்சு. "கெவுருமெண்டு டிவி சரசக்கா. நாளைக்கு ஆபீசர் வந்து எங்கடான்னு கேட்டா? கார்டுல பேர எடுத்துப்போட்டா?" ஓடாத டிவி மேல் சாமி படம் வைத்திருக்கிறார்கள். ஒரு வீட்டில் அரிசி மூட்டை.

நாலாம் நாள் எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "ஆபீசர் வாராருங்கோ. ஓடாத டிவி வெச்சிருக்கறவங்க பேரத்தான் மொதல்ல எழுதறாராம். எங்கிட்டக் குடுத்தா பதிவாயிரும்" என்று விட்டேன். சும்மா விளையாட்டுக்கு. பொழுது சாய்வதற்குள் ஒன்பது டிவி வந்தது. விஷம் என்றால் அசையாதவர்கள், ரேஷன் கார்டு என்றதும் தலையில் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

பொன்னுசாமி அண்ணன் மட்டும் ரசீது கேட்டு நின்றார். இந்த டைரியிலேயே ஒரு தாளைக் கிழித்து, டிவி ஒன்று வாங்கிக்கொண்டேன், இப்படிக்கு சரசு என்று எழுதி, சீல் இல்லாததால் கீழே ஒரு டிவி படம் போட்டுக் கொடுத்தேன். மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஒவ்வொன்றின் முதுகிலும் சாக்பீசால் பேர் எழுதி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 11, செவ்வாய்

மழை இல்லை. புழுக்கம்.

எருமப்பட்டியில் கட்டிக்கொடுத்த மகள் கோகிலா போன். வியாழக்கிழமை நல்ல நாளாம். கட்டுச்சோறு எடுத்துக்கொண்டு போய் அவளைப் பிரசவத்துக்குக் கூட்டி வர வேண்டும். ஒன்பதாம் மாசம். சந்தோஷம்தான். போனை வைத்துவிட்டு உள் ரூமைப் பார்த்தேன். சந்தோஷம் வாசலிலேயே நின்றுவிட்டது.

ரூமில்: அடுக்கு மூன்று வரிசை. ஜன்னல் முழுக்க அடைப்பு. கட்டிலைக் கழற்றிச் சுவரில் சாத்தியாச்சு. பீரோ கதவு நாலு விரல் திறக்கும், கையை விட்டு எந்தச் சேலை அகப்படுகிறதோ அதைத்தான் கட்டுகிறேன். இன்று கல்யாணத்துக்குக் கட்டும் பச்சை. குப்பை எடுக்கப் பட்டுச் சேலையில் போனேன். "இன்னிக்கு என்ன விசேசங்க?" என்று கேட்டவர்களிடம், குப்பைக்கு இன்றைக்குப் பிறந்த நாள் என்றேன்.

காலை வெயில் கதவு வழியாக விழும்போது 23 கண்ணாடியிலும் நான் தெரிகிறேன். 23 சரசு. ஒருத்திக்கும் வழி தெரியவில்லை.

வீட்டுக்காரரிடம் போனில் சொன்னேன். போர்வெல் வண்டியில் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறார். பின்னால் மெஷின் சத்தம்.

"ஏனுங்க, புள்ள வாரா. ரூமு பூரா டிவிங்க."

"பழைய இரும்புக்காரனுக்குப் போட்டு உடு."

"அவன் ஓடையில போட்டு எரிப்பானுங்க."

"அப்ப வெச்சிரு."

இதற்குத்தான் போன் பண்ணினேன்.

சாயங்காலம் அந்தப் பழைய இரும்புக் கடை மூர்த்தியே வந்துவிட்டான். எட்டிப் பார்த்தான், கண்ணில் வெளிச்சம். "யக்கா, ஒரே டெம்போ. இன்னிக்கே ரூமு காலி." எங்கே உடைப்பாய் என்றேன். ஓடைப் பக்கம் பார்த்தான். தெரிந்ததுதான். என் வீட்டுக்குப் பின்னால் ஓடை. போன வருஷம் அங்கேதான் ஒயர் எரித்தான், செம்புக்காக. காயப்போட்ட துணி எல்லாம் கரி. நாக்கில் நாலு நாள் கசப்பு. என் ஆடுகள் இன்னும் அந்தப் பக்கம் மேய்வதில்லை. ஆட்டுக்கு டிரெயினிங் எந்த மேடம் கொடுத்தார்களோ.

டிவியை வைத்திருந்தால் பிள்ளை படுக்க இடம் இல்லை. அவனிடம் கொடுத்தால் இடம் இருக்கும், புகை வரும். பச்சைக் குழந்தைக்கு அந்த ஜன்னல் காற்றுதான்.

"யோசிச்சுச் சொல்லுங்க. வியாழக்கிழம வரைக்கும் டெம்போ சும்மாத்தான் நிக்கும்" என்று போனான். எந்த நாள் என்று அவனுக்கும் தெரிந்திருக்கிறது.

ஐப்பசி 12, புதன்

கிளார்க்கைப் பார்த்தேன். வேன் எப்போதுங்க என்றேன். "எழுதிப் போட்டிருக்குது சரசு." யாருக்கு எழுதியிருக்கிறது என்றால் மேலே கையைக் காட்டுகிறார். மேலே ஃபேன்தான் இருந்தது.

சரி, உண்மையைச் சொல்லி அவரவர் டிவியை அவரவரிடமே கொடுத்துவிடலாம் என்று தீர்மானம். குழாயடியில் எல்லாரும் இருந்தார்கள். பக்கத்து வீட்டு ராசம்மாள் இருக்கிறாள் என்றால் ஊரே இருந்த மாதிரி. சொல்லிவிட்டேன்: ஆபீசரும் இல்லை, பதிவும் இல்லை, நான் சொன்னது பொய்.

ஒரு குடம் நிரம்பி வழிந்தது.

பிறகு ராசம்மாள் சிரித்தாள். "அடிப்போடி. உன்ற பேச்ச நம்பித்தான் குடுத்தமாக்கு? பத்து வருசமா அந்தச் சனியன் மூலைய அடைச்சுட்டு இருந்துச்சு. தூக்கிப் போடவும் மனசு வல்ல, வெச்சிருக்கவும் முடீல. ஆராச்சும் மெரட்டுனாத் தேவலைன்னு இருந்தோம். நீ வந்து மெரட்டுன."

"அப்ப வந்து எடுத்துக்க."

"எங்கூட்டுல அந்த எடத்துல இப்பக் கட்டலு போட்டாச்சு. போடி."

எல்லாரும் சிரிப்பு. நானும் சிரித்தேன். ஊரையே ஏமாற்றினேன் என்று மூன்று வாரமாகத் தூக்கம் இல்லாமல் கிடந்தவள் நான். வேறு யாராவது இப்படி மாட்டியிருந்தால் ஒரு மாசம் சொல்லிச் சொல்லிக் காட்டியிருப்பேன்.

சாயங்காலம் புளி ஊற வைத்தது, எலுமிச்சை பிழிந்தது, சோறு கொண்டுபோக ஐந்து தூக்குப் போசி விளக்கி வைத்தது. டிவி மேல்தான் போசிகளைக் கவிழ்த்தேன். வேறு இடம்?

ஐப்பசி 13, வியாழன்

கட்டுச்சோறு நல்லபடி முடிந்தது. புளிசாதம் போதவில்லை, தயிர்சாதம் மீந்தது. சம்பந்தியம்மா இந்தத் தடவை குறை சொல்லவில்லை. தொண்டை சரியில்லையாம்.

கோகிலாவைக் காரில் கூட்டி வந்தோம். உள் ரூம் கதவைத் திறந்தாள். நின்றாள்.

"ஏம்மா, எனக்குப் பிரசவம் பாக்கவா, ஊருக்கே படம் காட்டவா?"

என் பிள்ளைதான். சந்தேகமே இல்லை.

படுக்கை முன் ரூமில், அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே. ஒருக்களித்துத்தான் படுக்க முடிகிறது, புரள முடியவில்லை. கேட்டால் வசதியாகத்தான் இருக்கிறது என்கிறாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மூர்த்தி வாசலில் டெம்போவோடு. "யக்கா, புள்ள வந்துருச்சு போல" என்றான். கொடுத்துத் தொலைக்கலாம் என்று வாய் வரைக்கும் வந்தது. கோகிலா உள்ளே இருந்து, "ஆரு, போன வருசம் ஓடைல பொக போட்டவங்களா? வந்து தண்ணி குடிச்சுட்டுப் போங்கண்ணா. அப்பறம் வேற எதும் வேண்டாம்" என்றாள். அவன் தண்ணீரும் குடிக்கவில்லை.

ஐப்பசி 14, வெள்ளி

வெள்ளி. வேன் இல்லை.

மழை. கோகிலாவுக்குக் கால் வீக்கம். நீட்ட இடம் இல்லை. நீட்டினால் டிவி மேல் படுகிறது. அந்த டிவி யாருடையது என்றால், நம்முடையது. முன் ரூம் மூலையில் துணி போர்த்தி இருப்பது. 23ல் சேராதது.

"எல்லாரு டிவியும் வாங்கிப்போட்டு நம்மளது மட்டும் இங்கயே இருக்குது?"

"ரிப்பேரு பண்ணலாம்னு."

"நா ஒம்பதாவது படிக்கறப்ப நின்னுது. எனக்கே கல்யாணம் ஆகி ரெண்டு வருசம்."

துணியை இழுத்து இன்னும் மூடினேன். வீட்டுக்காரர் போர்வெல் வண்டியோடு போய்விடுவார், ஆறு மாசம் வர மாட்டார். நானும் இவளும் தட்டை மடியில் வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் சாப்பிடுவோம். அது நின்ற பிறகும். இவள் கல்யாணம் ஆகிப் போன பிறகு நான் மட்டும். இப்போதும் தட்டை எடுத்தால் அந்தப் பக்கம் திரும்பித்தான் உட்காருகிறேன்.

ஊரில் யாரைப் பார்த்து நான் சிரித்தேன்?

ஐப்பசி 15, சனி

வெயில் வந்தது. துணி காய்ந்தது.

மாசமாக இருக்கிற பிள்ளையைப் பார்க்க ராசம்மாள் முதல் ஆளாக வந்தாள், ஒரு தூக்குப் போசியில் பணியாரம். கோகிலா நாலு தின்றாள். ராசம்மாள் போசியைக் கேட்டாள். வெறும் போசியைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே, சர்க்கரையாவது போடலாம் என்று டப்பாவைத் திறந்தேன். டப்பா காலி.

கோகிலா என்னைப் பார்த்தாள். நான் உள் ரூமைப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் தோன்றிவிட்டது.

"ராசம்மாக்கா, வெறும் போசியாத் திருப்பக் கூடாதுல்லீங்க? எங்கம்மா ஒண்ணு எடுத்து வெச்சிருக்குது" என்றாள். நான் போய், முதுகில் ராசம்மா என்று எழுதியதைத் தூக்கி வந்தேன். கோகிலா மேலே போசியைக் கவிழ்த்து, தொட்டுக் கொடுத்தாள்.

"இதென்னடி கூத்து?"

"வாயும் வயிறுமா இருக்கறவ குடுக்கறா. வேண்டாம்னு சொல்லீருவீங்களா?" என்றேன் நான்.

ராசம்மாள் வாயைத் திறந்தாள், மூடினாள். அவள் வாய் மூடி நான் பார்த்தது இதுதான் முதல் தடவை. சும்மாடு கூட்டித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்த்து, "உன்ற புள்ளைக்குப் பொறக்கறதாச்சும் யோக்கியமாப் பொறக்கட்டும்" என்றாள்.

சாயங்காலத்துக்குள் ராசம்மாளோடு சேர்த்து ஆறு வீடு, ஆறு டிவி. முறுக்கு, அதிரசம், கடலை உருண்டை.

ஐப்பசி 16, ஞாயிறு

ராசம்மாள் ஒரு வீட்டுக்கும் எச்சரிக்கை சொல்லவில்லை. தான் மட்டும் ஏமாறக் கூடாது என்று எல்லாரையும் அவளே அனுப்பி வைத்திருக்கிறாள். "பாத்திரத்தோட போங்க, புள்ள சந்தோசப்படும்" என்றாளாம். இன்று மட்டும் பதினைந்து வீடு. தூக்க முடியாதவர்களுக்கு நானே வண்டியில் கொண்டுபோய்க் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு வந்தேன். வேன் வரும் வரைக்கும்தான், உடைக்காதே, மூர்த்திக்குக் கொடுக்காதே என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னேன். இந்தத் தடவை பொய் கலக்கவில்லை. கேட்டார்களா தெரியவில்லை, தலையை ஆட்டினார்கள்.

பொன்னுசாமி அண்ணன் ரசீதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் டிவியைத் தொட்டார். தாளை இங்கேயே சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டியாச்சு.

மீதி இரண்டு. அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை.

ஜன்னலைத் திறந்தேன். துருப்பிடித்து இழுத்தது. ஓடை, ஆவாரஞ்செடி, காற்று. கழற்றி வைத்த கட்டிலைத் திரும்பப் பூட்டினேன். கோகிலா காலை நீட்டிப் படுத்தாள், இந்தப் பக்கம் ஒருமுறை, அந்தப் பக்கம் ஒருமுறை புரண்டாள். பீரோ முழுசாகத் திறக்கிறது. பட்டுச் சேலையை மடித்து உள்ளே வைத்தேன்.

ஐப்பசி 17, திங்கள்

காலை. மழை இல்லை. சார்ஜ் முழுசு.

கிளார்க் போன். வேன் நாளைக்குப் பத்து மணிக்கு வருகிறதாம். "அந்த இருவத்தி மூணும் ரெடியா ஆபீசு வாசல்ல இருக்கோணும் சரசு."

கோகிலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறாள். எனக்குப் பயம், வலி வந்துவிடப் போகிறது என்று.

"இந்த வாட்டி என்னம்மா சொல்லி வாங்குவ? ஆபீசரா, கலெக்டரா?"

முன் ரூம் மூலைக்குப் போய் நம் டிவி மேல் இருந்த துணியை எடுத்தேன். மேலே விரல் கனத்துக்குத் தூசி. சேலைத் தலைப்பால் துடைத்தேன். கண்ணாடியில் நானும் அவளும், மூன்றாவது ஆளுக்கும் இடம் இருந்தது.

நம்முடையது முதலில். வண்டியில் எல்லாருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் வைத்துக் கயிறு கட்டியாச்சு. பார்த்தால் கேட்பார்கள். கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன்.

ராசம்மாள் அவள் வாசலில் நிற்கிறாள். வண்டியில் டிவியைப் பார்த்துவிட்டு, இன்னொன்றையும் அவள் தலையில் கட்ட வருகிறேன் என்று நினைத்துவிட்டாள் போல. இப்போதே கதவைச் சாத்துகிறாள்.